ரயிலடி வீட்டில் காருக்கு எத்தனை இடம்?

அன்புள்ள மருமகளுக்கு,

ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாரில் ரயில் வந்த பிறகு கார் இல்லாமலே சிங்கப்பூர் வேலைக்குப் போய்வரலாம்; அப்புறம் அந்த வட்டாரத்துக் கொண்டோ விளம்பரத்தில் வீட்டுக்கு இரண்டு பார்க்கிங் எதற்கு என்று கேட்டிருந்தாய். உங்கப்பாவிடம் கேட்டால், "கார் இல்லாமல் எப்படிப் பிழைப்பது?" என்பார். காஹாங் தோட்டத்தில் இருந்துகொண்டு அவர் வேறெதுவும் சொல்ல முடியாது. குளுவாங் ஸ்டேஷனுக்கே முப்பது கிலோமீட்டருக்கு மேல். தோட்டத்துக்குள்ளிருந்து மெர்சிங் சாலைக்கு வரவே மோட்டார் வேண்டும். ஆனால் காஹாங்கில் கார் வாசலில் நிற்கிறது. ஜொகூர் பாருவில் அது மாடியேறி நிற்கிறது, அங்கேதான் செலவு தொடங்குகிறது.

கணக்குப் போட்டுப் பார். ஒரு கார் நிற்க 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம், 12.5 சதுர மீட்டர்தான். ஆனால் கார் அங்கே வந்து சேர ஏற்றப்பாதை வேண்டும், திரும்ப இடம் வேண்டும், நடுவே தூண்கள் வேண்டும். எல்லாம் சேர்த்தால் ஒரு காருக்கு 25 முதல் 30 சதுர மீட்டர் ஆகிவிடும். இரண்டு காருக்கு 50 முதல் 60. அரசாங்கத்தின் பிபிஆர் அடுக்குமாடியில் மூன்று அறை வீடே 700 சதுர அடி, அதாவது 65 சதுர மீட்டர். ஒரு குடும்பம் குடியிருக்கும் அளவு இடம், இரண்டு காருக்கு! உயரமான கொண்டோக்களின் அடியில் ஜன்னல் இல்லாத நாலைந்து மாடிகளைப் பார்த்திருப்பாய். அந்தக் கான்கிரீட்டுக்கும் இரும்புக்கும் விளக்குக்கும் வீடு வாங்குகிறவர்தான் பணம் கட்டுகிறார். கார் வைத்திருக்கிறாரா என்று யாரும் கேட்பதில்லை.

இதை வீடு கட்டுகிற நிறுவனத்தின் பேராசை என்று மட்டும் நினைத்துவிடாதே. 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி, கட்டுவதற்கு முன்னால் ஊராட்சி மன்றத்தின் திட்ட அனுமதி வாங்க வேண்டும். வீட்டுக்கு இத்தனை பார்க்கிங் என்பது அந்த அனுமதிக்கான நிபந்தனைகளில் ஒன்று. இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் ஷூப் துருவிப் பார்த்து, 2005இல் பெரிய புத்தகமே எழுதினார். பஸ்ஸும் ரயிலும் எட்டாத புறநகரில், பார்க்கிங் இலவசமாகக் கிடைக்கிற இடத்தில், உச்ச நேரத்தில் எத்தனை கார் நின்றது என்று எண்ணி, அதையே எல்லா இடத்துக்கும் விதியாக்கிவிட்டார்கள் என்பது அவர் கண்டது.

நம் நாட்டில் இதற்கு மேல் ஒரு முடிச்சும் இருக்கிறது. வீட்டின் பட்டாவில் பார்க்கிங் 'துணைப் பகுதி'யாகச் சேர்ந்திருந்தால், 1985ஆம் ஆண்டின் அடுக்குமாடி உரிமைச் சட்டத்தின் 69ஆம் பிரிவு அதை வீட்டிலிருந்து பிரித்து விற்க விடாது. உனக்குக் கார் இல்லையென்று பக்கத்து வீட்டுக்காரருக்கு அதை விற்றுக் கடனைக் குறைக்க முடியாது. மாதப் பராமரிப்புக் கட்டணத்துக்கான பங்கைக் கணக்கிடும்போது அதன் பரப்பும் சேர்ந்துகொள்ளும். வெறும் தரைக்கு மாதாமாதம் படியளக்க வேண்டியதுதான்.

அக்கரையில், சிங்கப்பூரில் பார். வீவக என்கிற அரசாங்க அடுக்குமாடி வீடு வாங்கினால் பார்க்கிங் அதோடு வராது. கார் வைத்திருப்பவர் மாதக் கட்டணம் கட்டி இடம் பிடிக்கிறார். 2019 பிப்ரவரியிலிருந்து, எம்ஆர்டி நிலையத்துக்கு 400 மீட்டருக்குள் எழும் கட்டடங்களுக்கு அங்கே பார்க்கிங் அளவைக் குறைத்தார்கள். கலிபோர்னியா இன்னும் ஒரு படி மேலே போனது. பெரிய ரயில், பஸ் நிலையங்களிலிருந்து அரை மைலுக்குள் குறைந்தபட்சப் பார்க்கிங் கேட்கவே கூடாதென்று 2023 ஜனவரியிலிருந்து அங்கே சட்டம். கட்டுகிறவர் விரும்பினால் வைக்கலாம். நகராட்சி கட்டாயப்படுத்த முடியாது.

ஆனாலும் விதியை எடுத்தால் விலை சரிந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். புக்கிட் சாகாரில் விலையை முதலில் ஏற்றுவது சிங்கப்பூர் வெள்ளி. நாலு கிலோமீட்டர் பாதை, மணிக்கு ஒவ்வொரு திசையிலும் 10,000 பேர் வரை ஏற்றிச்செல்லும் ரயில் என்றால், அக்கரைச் சம்பளக்காரர்கள் சும்மா இருப்பார்களா? பார்க்கிங் மாடியில் மிச்சமாகிற பணம் வீடு வாங்குகிறவர் கைக்கு வராமல் நிலக்காரர் கைக்கே போய்விடலாம். அதனால் தளர்வு கொடுக்கும்போதே, மிச்சமாகும் இடத்தில் வாங்கும் சக்திக்கு உட்பட்ட வீடுகள் இத்தனை என்று எழுதி வாங்க வேண்டும். பார்க்கிங்கையும் வீட்டோடு ஒட்டாமல் வாடகைக்கு விட வேண்டும்.

தெருவெல்லாம் கார் நிற்கும் என்ற பயமும் நியாயமானதே. தாமான்களில் இரட்டை வரிசையில் நிற்பதை நீயே பார்த்திருக்கிறாய். ஆனால் அங்கே வீட்டு வாசலிலேயே இடம் இருந்தும்தான் கார்கள் தெருவில் நிற்கின்றன. தெருவில் நிறுத்தினால் காசு என்ற கண்டிப்பும், ஸ்டேஷனுக்கு நேரத்துக்கு வரும் பஸ்ஸும் இல்லாமல் எண்ணை மட்டும் குறைப்பது அரைகுறை வேலை. இந்தத் தளர்வை அப்படியே காஹாங்குக்குக் கொண்டுவந்தால் அதைவிட மோசம்.

உள்ளூர்த் திட்ட வரைவை, அதாவது ரான்சாங்கான் தெம்பாத்தானை, மன்றம் மக்கள் பார்வைக்கு வைக்கும்போது யாரும் எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஜொகூர் பாருவுக்குக் குடிவந்த பிறகு அப்படி ஒன்று வந்தால், நிலையத்தைச் சுற்றி 400 மீட்டருக்கு எத்தனை பார்க்கிங் கேட்டிருக்கிறார்கள் என்ற பக்கத்தை முதலில் புரட்டு. எழுதுவதற்கு முன் எனக்கு ஒரு போன் போடு, சேர்ந்தே எழுதலாம்.

அன்புடன்,
மாமா