ஒழுகும் சன்ரூஃப்: அடைக்க வேண்டியதும் அடைக்கக் கூடாததும்

தென்மேற்குப் பருவமழை ஜூன் மாதத்தில் தெலங்கானாவை எட்டுகிறது. அதற்கு முந்தைய மூன்று மாதங்களும் ஹைதராபாத்தின் மேற்குப் பகுதிக்குப் புழுதிக் காலம். கொண்டாப்பூர், கொத்தகூடா, கச்சிபௌலி ஆகிய இடங்களில் கட்டுமானப் பணி ஓய்வதே இல்லை. சிமெண்ட் தூளும் செம்மண்ணும் காற்றில் மிதந்தவண்ணம் இருக்கும். சாலையோர வேம்பும் புங்கமும் இலையையும் பூவையும் உதிர்க்கும் பருவமும் அதுவே. அடுக்ககத்தில் ஒரு வண்டிக்கு மட்டுமே நிழல் கிடைத்தவர்கள் இரண்டாவது காரை மரத்தடியில் நிறுத்துகிறார்கள். அதன் மேற்கூரையில் சன்ரூஃப் இருந்தால், அம்மூன்று மாதக் குப்பையும் அதன் ஓரத்து இடுக்கில் படிந்துவிடும். முதல் பெருமழையில் கூரை விளக்கிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் இறங்கும். உரிமையாளர் உடனே கடைக்குச் சென்று ஒரு குழாய் சிலிகான் வாங்கி வந்து கண்ணாடியைச் சுற்றிலும் பூசிவிடுகிறார். கோளாறு உண்மையில் தொடங்குவது அங்கேதான்.

ஒரு காலத்தில் உயர்விலைக் கார்களுக்கே உரியதாயிருந்த இவ்வசதி, இன்று நடுத்தரக் குடும்பத்தார் கடன் பெற்று வாங்கும் சிறிய எஸ்யூவி வகைகளிலும் வந்துவிட்டது. ஆயினும் அது எவ்வாறு இயங்குகிறது என்பதை வாங்கும்போது எவரும் விளக்குவதில்லை. பயனர் கையேட்டிலும் சில வரிகளே இருக்கும். ஆகவே அதன் அமைப்பிலிருந்தே தொடங்குவோம்.

பழைய முற்றம் வைத்த வீட்டை நினைவிற் கொள்ளுங்கள். முற்றத்தில் மழை விழக் கூடாது என்று அவ்வீட்டைக் கட்டியவர் எண்ணவில்லை. விழுந்த நீர் தாழ்வாரத்துக்கு ஏறாமல் மூலையிலுள்ள மடை வழியே தெருவுக்குப் போய்விட வேண்டும் என்பதே அவரது ஏற்பாடு. சன்ரூஃபும் அவ்வாறே. கண்ணாடியின் விளிம்பைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை நீரின் பெரும்பகுதியைத் தடுக்கும், முழுவதையும் அன்று. அதைக் கடந்துவரும் நீரைப் பிடிப்பதற்காகக் கண்ணாடிக்குக் கீழே நான்கு புறமும் ஒரு வாய்க்கால் உண்டு. பெரும்பாலான கார்களில் அவ்வாய்க்காலின் நான்கு மூலைகளிலும் விரல் பருமன்கூட இல்லாத வடிகுழாய்கள் பொருத்தப்பட்டிருக்கும். முன்புறக் குழாய்கள் இரண்டும் முன்கண்ணாடியின் இருபுறத் தூண்களுக்குள் இறங்கி, முன்சக்கரத்துக்கும் கதவுக்கும் இடைப்பட்ட பகுதியில் வெளியேறும். பின்புறக் குழாய்கள் பின்தூண்கள் வழியே பின்சக்கரத்தின் அருகே முடியும்.

எவ்வளவு நீர் வரக்கூடும் என்பதற்கு ஒரு கணக்கு. 2020 அக்டோபர் 13, 14 தேதிகளில் ஹைதராபாத்தில் பெய்த மழையை அந்நகரத்தார் மறந்திருக்க முடியாது. பேகம்பேட்டையில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 19 சென்டிமீட்டர் பதிவாயிற்று. 80 சென்டிமீட்டர் அகலமும் 50 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட ஒரு கண்ணாடியின்மீது அம்மழை பெய்தால், விழும் நீர் 76 லிட்டர். அதில் 20-இல் ஒரு பங்கு ரப்பரைத் தாண்டினாலும் நான்கு லிட்டருக்குச் சற்றுக் குறைவான நீர் வாய்க்காலுக்குள் வந்து சேரும். வடிகுழாய் திறந்திருந்தால் அது வந்த சுவடே தெரியாது. அடைபட்டிருந்தால் வாய்க்கால் நிரம்பி வழிந்து, கூரையின் உட்புறத் துணியை நனைத்து, விளக்கின் துளை வழியே இறங்கும்.

2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு காணொளி நாடெங்கும் பரவியது. மலைப்பாதையில் அருவியின் கீழ் நிறுத்தப்பட்ட மஹிந்திரா ஸ்கார்பியோ-என் வண்டிக்குள், கூரை விளக்கும் ஒலிபெருக்கியும் இருந்த இடங்களிலிருந்து நீர் கொட்டுவதை அது காட்டியது. நிறுவனம் அதே வகை வண்டியை அருவியின் கீழ் நிறுத்தி, உள்ளே நீர் வரவில்லை என்று காட்டும் மறுகாணொளியை வெளியிட்டது. யார் சொல்வது சரி என்ற வாதம் வெகுநாள் நடந்தது. நமக்கு வேண்டியது வேறொன்று: நீர் வெளிப்பட்ட இடம் விளக்கும் ஒலிபெருக்கியும் ஆயினும், அது உள்ளே நுழைந்த இடம் அவை அல்ல. கூரைக்குள் வந்த நீர் துணிக்கு மேலே ஓடி, எங்கே துளை இருக்கிறதோ அங்கே இறங்கும். சொட்டும் இடத்தைப் பார்த்துப் பழுது பார்க்கப் புகுவது வீண் உழைப்பு.

முதலில், கசிவு சன்ரூஃபிலிருந்துதான் வருகிறதா என்பதை உறுதி செய்ய வேண்டும். மழையே இல்லாத நாளில் முன்னிருக்கையின் காலடி நனைந்தால் அது ஏசியின் வடிகுழாய் அடைப்பாக இருக்கலாம். கதவின் உட்பலகைக்குப் பின்னுள்ள பிளாஸ்டிக் தாள் கிழிந்திருந்தாலும், முன்கண்ணாடியின் ஒட்டு விட்டிருந்தாலும், கூரைமேல் சுறாத்துடுப்புபோல் நிற்கும் ஆன்டெனாவின் அடிரப்பர் தளர்ந்திருந்தாலும் இதே அறிகுறிகள் தோன்றும்.

ஐயம் தீர்க்க எளிய சோதனை ஒன்று போதும். காரைச் சமதளத்தில் நிறுத்திச் சன்ரூஃபை முழுதும் திறவுங்கள். வாய்க்காலின் முன்மூலை ஒன்றில் அரை டம்ளர் நீரை மெதுவாக ஊற்றுங்கள். சில நொடிகளில் அது வண்டியின் அடியில் அதே பக்கத்தில் ஒழுக வேண்டும். அடுத்த மூலைக்கும் அவ்வாறே. நீர் தேங்கி நின்றால் குழாய் அடைபட்டிருக்கிறது. தேங்காமலும் வெளியே வராமலும் போனால், குழாய் இடையில் கழன்று நீர் தூணுக்குள் கொட்டுகிறது, உடனே நிறுத்திவிடுங்கள். பின்மூலைகள் பல கார்களில் கண்ணுக்கு எட்டா. அவற்றைப் பணிமனையில் காட்டுவதே நன்று.

அடைப்பை நீக்க ஒரு மென்மையான நைலான் இழை வேண்டும். புல் வெட்டும் கருவிக்கு விற்கப்படும் இழை பொருத்தமானது. அதன் முனையைத் தீயில் காட்டி மழுக்கிக்கொண்டு, மேலிருந்து சிறிது சிறிதாகச் செலுத்த வேண்டும். குடைக்கம்பியும் இரும்புக் கம்பியும் குழாயைக் குத்திக் கிழித்துவிடும். பஞ்சர் கடையின் அழுத்தக் காற்றை மேலிருந்து அடிப்பது இன்னும் தவறு. காற்றின் வேகத்தில் குழாய் தன் இணைப்பிலிருந்து கழன்றுகொள்ளும்; அதை மீண்டும் மாட்டத் தூணின் உறையைப் பிரிக்க வேண்டும். பல கார்களில் அவ்வுறைக்குப் பின்னே பக்கவாட்டு ஏர்பேக் மடிந்திருக்கிறது. அது வீட்டில் கை வைக்கக்கூடிய இடமன்று. சில வண்டிகளில் குழாயின் கீழ்முனையில் வாத்தின் அலகுபோன்ற ரப்பர் மூடி உண்டு. புழுதி சேறாகி அவ்வலகை ஒட்டிவிட்டால் மேலே எவ்வளவு சுத்தம் செய்தும் பயனில்லை. கீழிருந்து அதை விரலால் பிதுக்கிவிட வேண்டும்.

ஒழுகும் சன்ரூஃப்களில் பெரும்பாலானவை இந்த ஒரு மணி நேர வேலையிலேயே சரியாகிவிடும். சீலண்ட் தேவைப்படுபவை எஞ்சிய சிலவே.

கண்ணாடிக்கும் கூரைக்கும் இடையிலுள்ள ரப்பர் பட்டையின்மேல் எந்தச் சீலண்டும் பூசக் கூடாது. அது அசையும் இணைப்பு. பூசினால் கண்ணாடி ஒட்டிக்கொள்ளும். அடுத்தமுறை பொத்தானை அழுத்துகையில் மோட்டாரோ தண்டவாளமோ பழுதாகும். ரப்பர் வெடித்திருந்தால் அதை மாற்ற வேண்டும். வறண்டு மட்டும் இருந்தால் சோப்பு நீரால் துடைத்துச் சிலிகான் கிரீஸைச் சிறிதளவு தடவலாம். வாசலினும் எஞ்சின் எண்ணெயும் பெட்ரோலிய வழிவந்தவை. இப்பட்டைகளுக்குப் பெரும்பாலும் பயன்படும் ஈபிடிஎம் ரப்பரை அவை உப்பச் செய்யும். தேங்காய் எண்ணெய் தடவுவோரும் உண்டு. கொண்டாப்பூர்ப் புழுதிக்கு அதைவிடச் சிறந்த பசை கிடைக்காது.

சீலண்ட் உரிய இடங்கள், அசையாத இணைப்புகள் மட்டுமே. கண்ணாடி தன் உலோகச் சட்டத்தோடு ஒட்டப்பட்ட கோடு, வாய்க்காலின் மூலை இணைப்பு, சன்ரூஃபின் முழுச் சட்டமும் கூரைத் தகட்டோடு சேருமிடம் ஆகியவை அத்தகையன. இவ்விடங்களில் எதைப் பூசுவது?

கடையில் எளிதில் கிடைப்பது குளியலறைச் சிலிகான். அதன் பெரும்பாலான வகைகள் காயும்போது வினிகர் வாடை வீசும். அவ்வாடை வெளியேறும் அசெட்டிக் அமிலத்தினுடையது. பெயிண்ட் கீறிய தகட்டில் அது துருவைத் தொடங்கி வைக்கும். மேலும், காய்ந்த சிலிகானின் மேல் வேறெந்தப் பசையும் பெயிண்டும் பிடிப்பதில்லை. பின்னர் முறையாகப் பழுது பார்க்க வருபவர் அதைச் சுரண்டி எடுப்பதற்கே அரை நாள் செலவிடுவார். குழாய்க் கசிவுக்கு நாம் நம்பும் எம்-சீல் போன்ற எபாக்சி வகைகள் கல்லாக இறுகுவன. காரின் கூரையோ வெயிலில் விரிந்து, ஓட்டத்தில் முறுக்கிக்கொண்டே இருப்பது. சில வாரங்களில் எபாக்சி விளிம்பில் மயிரிழை வெடிப்பு விழும்.

கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் இடைப்பட்ட ஒட்டுக்கு, முன்கண்ணாடி பொருத்தப் பயன்படும் பாலியூரித்தேன் பசையே தக்கது. அது காய்ந்த பின்னும் ரப்பர்போல் வளையும். பழைய பசையைச் சீவி, எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, அதற்குரிய பிரைமரைப் பூசிய பின்னரே அதை இட வேண்டும். காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் காயும் பொருள் ஆதலால் ஒரு நாளில் சுமார் 3 மில்லிமீட்டர் ஆழமே இறுகும். மறுநாளே காரைக் கழுவக் கூடாது. நேரடி வெயில் அதைச் சிதைக்கும் என்பதால் கண்ணாடியின் கறுப்பு விளிம்புக்கு அடியிலேயே அது இருக்க வேண்டும். குழாயின் காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குவதும் அவசியம். கண்ணுக்கே தெரியாத நுண்வெடிப்புக்கு, தானே ஊர்ந்து உட்புகும் நீர்த்த வகைச் சீலண்டுகள் உள்ளன. அவற்றைச் சொட்டுச் சொட்டாகப் பலமுறை விட வேண்டும். ஆன்டெனாவின் அடிப்பகுதிக்கு என்றும் இறுகாத பியூட்டைல் நாடா நல்லது. பிளாஸ்டிக் வாய்க்கால் பாலிப்ரொப்பிலீனால் ஆனதாயின் பெரும்பாலான பசைகள் அதில் ஒட்டா. அதை மாற்றிவிடுவதே முடிவில் சிக்கனம். சட்டமும் கூரையும் சேருமிடத்தை அடைய உட்புறத் துணி முழுவதையும் இறக்க வேண்டும். அது தேர்ந்தவர்க்கே உரிய ஒரு நாள் வேலை.

கசிவு நின்றதும் பணி முடிந்துவிடாது. தரைவிரிப்பின் அடியிலுள்ள பஞ்சு, மேற்புறம் உலர்ந்த பின்னும் பல நாள் நீரைத் தேக்கி வைத்திருக்கும். இருக்கைகளின் கீழே ஏர்பேக், சீட்பெல்ட் ஆகியவற்றின் மின்இணைப்புகள் உள்ளன. அவற்றில் பச்சை படிந்தால் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கும்; அந்நிலையில் விபத்து நேர்ந்தால் ஏர்பேக் விரியும் என்ற உறுதி இல்லை. விரிப்பைத் தூக்கிப் பஞ்சை முழுதும் உலர்த்துவதைத் தள்ளிப் போடாதீர்கள்.

இனிக் காப்பீடு. வழக்கமான முழுமைக் காப்பீட்டில் வெள்ளம், புயல், ஆலங்கட்டி மழை, வெளிப்புற விபத்து ஆகியவற்றால் வரும் சேதம் அடங்கும். தேய்மானமும், இயந்திர அல்லது மின்சாரக் கோளாறும் அடங்கா. கிளை முறிந்து சன்ரூஃப் உடைந்தால் இழப்பீடு கேட்கலாம்; குழாய் அடைத்து விரிப்பு ஊறினால் அது பராமரிப்புக் குறை என்றே பெரும்பாலும் மறுக்கப்படும். ஏற்கப்படும் கோரிக்கையிலும் கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு இல்லை. ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 விழுக்காடு கழிக்கப்படும். தேய்மானமில்லாக் காப்பீட்டுக்குக் கூடுதல் பிரீமியம் செலுத்தியவர்களுக்கு அக்கழிவு பொதுவாக இல்லை.

வாரண்டிக் காலத்துக்குள் உள்ள கார் எனில், எந்தச் சீலண்டையும் தொடுவதற்கு முன் சர்வீஸ் சென்டருக்குச் செல்லுங்கள். பூசிய பசையைக் காட்டி, வெளியார் கைபட்டது என்று வாரண்டியை மறுக்க இடம் தராதீர்கள். நனைந்த இடங்களைத் தேதி தெரியும்படி படம் எடுத்துக்கொண்டு, புகாரை வேலைச்சீட்டில் எழுதச் செய்து அதன் நகலைப் பெறுங்கள். மும்முறை பழுது பார்த்தும் ஒழுகினால் அந்நகல்களே சான்று. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

சன்ரூஃப் இல்லாத காரின் கூரையை வெட்டிப் பின்னர் ஒன்றைப் பொருத்தித் தருவோர் எல்லா நகரங்களிலும் உள்ளனர். கசிவு ஒருபுறம் இருக்க, தயாரிப்பாளர் நிர்ணயித்த அமைப்பை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு முரணாகலாம். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இப்பிரிவைக் கண்டிப்பாகவே பொருள் கொண்டது. கடன் முடியும்வரை வண்டியின் பதிவுச் சான்றிதழில் வங்கியின் பெயரும் இருக்கும் என்பதால், கூரையில் ரம்பம் வைக்கும் முன் காப்பீட்டு நிறுவனத்திடமும் வங்கிக் கிளையிடமும் எழுத்து மூலம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.