ஒரே சீட்டில் ஆட்டமும் சாப்பாடும் – சவானா நகர வாழைப்பழ அணியின் வியாபாரக் கணக்கு

இந்த முறை பாடத்துக்கு நாம் எடுத்துக்கொண்டிருப்பது அரிசி, பருப்பு விவகாரம் அல்ல. அமெரிக்காவில் ஒரு நடுத்தர ஊரில், கல்லூரி மாணவர்கள் ஆடிய ஒரு பந்தாட்ட அணியின் வரலாறு. பந்தாட்டத்துக்கும் பலசரக்குக்கும் என்ன சம்பந்தம் என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். யாருமே வாங்க வராத ஒரு சரக்கை, கையில் காசில்லாத ஒரு கணவனும் மனைவியும் எப்படி விற்றார்கள் என்பதுதான் விஷயம். அதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதும் உண்டு, யோசித்து ஒதுக்க வேண்டியதும் உண்டு.

முதலில் சரக்கைப் பற்றித் தெரிந்துகொள்வோம். பேஸ்பால் என்பது நம் கிரிக்கெட்டுக்குத் தூரத்து உறவு. அமெரிக்காவில் மே மாதக் கடைசியில் கல்லூரிகள் மூடியதும், நன்றாக ஆடும் மாணவர்கள் சிறு சிறு ஊர்களுக்குப் போய் ஆகஸ்ட் தொடக்கம் வரை அங்குள்ள கோடைக்கால அணிகளில் ஆடுவார்கள். சம்பளம் வாங்கினால் கல்லூரி அணியில் ஆடும் தகுதி போய்விடும் என்பதால் சம்பளம் கிடையாது. உள்ளூர்க் குடும்பங்கள் ஆளுக்கு ஒருவர் இருவரைத் தங்கள் வீட்டில் வைத்துச் சோறு போடுவார்கள். கல்லூரியில் உலோக மட்டை, தொழில்முறை ஆட்டத்தில் மர மட்டை. கோடை ஆட்டத்திலும் மர மட்டைதான். ஆகவே பெரிய அணிகளுக்கு ஆள் தேடுகிறவர்கள் இங்கே வந்து பார்ப்பார்கள். பையனுக்கு எதிர்காலம், ஊருக்கு மாலைநேரப் பொழுதுபோக்கு. இப்படிப்பட்ட போட்டித் தொடர்களில் ஒன்றுதான் 1997-ல் தொடங்கிய கோஸ்டல் பிளெய்ன் லீக். வட கரோலினா, தென் கரோலினா, வர்ஜீனியா, ஜார்ஜியா மாநிலங்களின் சிற்றூர் அணிகள் அதில் ஆடி வந்தன.

ஜார்ஜியா மாநிலத்துச் சவானா 1733-ல் உண்டான துறைமுக நகரம். ஒரு காலத்தில் பருத்தி வியாபாரத்தில் கொடிகட்டிப் பறந்த ஊர். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை ஒன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அங்கே கிரேசன் ஸ்டேடியம் என்று ஒரு பழைய மைதானம். 1926-ல் திறந்தது, 1940-ல் புயல் அடித்துப் பெரும்பகுதி நாசமானது, மறுபடி கட்டி எழுப்பினார்கள். பேப் ரூத் அங்கே ஆடியிருக்கிறார். பிறகு உலகப் புகழ் பெற்ற ஹாங்க் ஆரன், 1953-ல் ஜாக்சன்வில் அணிக்காக அந்த மைதானத்தில் இறங்கியிருக்கிறார். கறுப்பின வீரர்கள் அந்தத் தொடரில் முதன்முதலாக ஆட அனுமதிக்கப்பட்ட ஆண்டு அது.

பெருமை எல்லாம் சரி, கட்டடம் பழசு. 1984 முதல் அங்கே ஒரு தொழில்முறை அணி இருந்தது. 1996-ல் அதற்குச் ‘சாண்ட் நாட்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். கடற்கரையில் கடிக்கும் சிறு பூச்சியின் பெயர் அது. பெயர் வைப்பதில் அந்த ஊருக்கு அப்போதே கூச்சம் இல்லை என்று தெரிகிறது. அணி தோற்றுக்கொண்டிருந்தது என்றும் சொல்ல முடியாது. 2013-ல் கோப்பையே வாங்கியது. ஆனால் உரிமையாளர்கள் புது மைதானம் வேண்டும் என்றார்கள், சவானாவில் அது நடக்கவில்லை. தென் கரோலினாவின் கொலம்பியா நகரம் புதிதாகக் கட்டித் தர முன்வந்தது. 2015 ஆட்டங்கள் முடிந்ததும் அணி மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விட்டது. நன்றாக ஓடிய கடையே காலி செய்துவிட்டுப் போன இடத்தை வாடகைக்கு எடுக்க யார் துணிவார்கள்?

ஜெஸ்ஸி கோல் என்பவரும் அவர் மனைவி எமிலியும் துணிந்தார்கள். கோல் கல்லூரியில் பந்து எறிபவராக இருந்து, தோள்பட்டைக் காயத்தால் ஆட்டத்தை விட்டவர். 23 வயதில் வட கரோலினாவில் கஸ்டோனியா என்ற ஊரின் கோடைக்கால அணிக்கு நிர்வாகியானார். அவர் பொறுப்பேற்ற நாளில் அணியின் வங்கிக் கணக்கில் இருந்தது 268 டாலர், ஆட்டத்துக்கு வந்த கூட்டம் சுமார் 200 பேர் என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். பாட்டிகளுக்கு அழகிப்போட்டி வைத்தார், ஆட்டக்காரர்களை நடனம் ஆடச் செய்தார். ஊர் சிரித்தது; ஆனால் கூட்டம் வந்தது. சர்க்கஸ் நடத்திய பார்னம், படம் எடுத்த வால்ட் டிஸ்னி, பேஸ்பாலில் விதவிதமான வேடிக்கைகளைப் புகுத்திய பில் வீக் ஆகியோரைப் படித்துப் படித்துத் தொழில் கற்றவர் அவர். தொழிலில் முன்னோடிகளின் வரலாற்றைப் படிக்கிற பழக்கம் நம் கடைப் பிள்ளைகளிடம் குறைவு என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறோம்.

2015 அக்டோபரில் சவானாவில் வந்து இறங்கினார்கள். காலி மைதானம், போன் இணைப்புகூட இல்லை. வேலைக்கு நாலைந்து இளைஞர்கள். கடை கடையாக, வீடு வீடாகச் சொல்லியும் முதல் மூன்று மாதத்தில் விற்ற சீட்டுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். 2016 ஜனவரியில் வங்கிக் கணக்கு காலியாகி மைனசுக்குப் போய்விட்டது. தம்பதி தங்கள் வீட்டை விற்றார்கள், சேமிப்பைத் துடைத்து எடுத்தார்கள், காற்று அடைத்த மெத்தையில் படுத்தார்கள். வாரத்துக்கு 30 டாலருக்குள் மளிகை வாங்கிச் சமாளித்ததாகக் கோல் சொல்வார். 30 டாலர் மளிகை என்றால் அந்த நாட்டில் ரொட்டிக்கும் முட்டைக்கும் மேல் அதிகம் கிடைக்காது. வீட்டை விற்று முதல் போட்டதை நாம் புகழ்ந்து எழுதப் போவதில்லை. அப்படிச் செய்து எழுந்திருக்காமல் போனவர்களின் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வருவதில்லை.

அணிக்குப் பெயர் வைக்கப் பொதுமக்களிடம் யோசனை கேட்டார்கள். துறைமுகம், கப்பல், மாலுமி என்று ஊருக்குப் பொருத்தமான பெயர்கள் வரும் என்று எதிர்பார்ப்போம். உள்ளூர்ப் பெண்மணி ஒருவர் மட்டும் ‘பனானாஸ்’ என்று எழுதிப் போட்டார். வாழைப்பழங்கள்! 2016 பிப்ரவரியில் அதையே அறிவித்தார்கள். ஊரில் திட்டாத ஆள் இல்லை. எங்கள் ஊரை அவமானப்படுத்தி விட்டார்கள் என்றார்கள். ஆனால் திட்டுகிறவன்கூடப் பெயரைச் சொல்லித்தானே திட்ட வேண்டும்? அதுவரை இப்படி ஓர் அணி இருப்பதே தெரியாத ஊரில் ஒரே நாளில் எல்லோர் வாயிலும் அதே பேச்சு. வாழைப்பழப் படம் போட்ட தொப்பியும் பனியனும் வெளி மாநிலங்களுக்குப் பார்சலில் போயின. முதல் ஆட்டத்தில் ஆட்டக்காரர்களுக்குப் பச்சை உடை, இன்னும் பழுக்கவில்லையாம். பழ வியாபாரிகளுக்கு இந்த வேடிக்கை விளங்கும்.

இனி நாம் முக்கியமாகப் பார்க்க வேண்டியது விலை வைத்த முறை. வழக்கமாக இத்தகைய மைதானங்களில் நுழைவுச் சீட்டு மலிவாக இருக்கும். உள்ளே போனதும் ரொட்டிக்கு ஒரு விலை, குளிர்பானத்துக்கு ஒரு விலை, வண்டி நிறுத்த ஒரு கட்டணம் என்று சட்டைப்பை கரையும். பனானாஸ் அணி 15 டாலருக்கு ஒரே சீட்டு என்றது. அதற்குள் ஹாட்டாக், பர்கர், சிக்கன் சாண்ட்விச், சிப்ஸ், பாப்கார்ன், குளிர்பானம், இனிப்பு எல்லாம் அடக்கம். எத்தனை தடவை வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். மதுவுக்கு மட்டும் தனிக்காசு. சீட்டு வாங்கும்போது ‘சேவைக் கட்டணம்’ என்று கடைசியில் ஒட்டுவார்களே, அதுவும் இல்லை. வரியையும் அணியே ஏற்றுக்கொண்டது. சொன்ன விலைதான் வாங்கிய விலை.

இது தர்மம் அல்ல, கணக்கு. ஒரு வாலிபன் நாலு ஹாட்டாக் சாப்பிடுவான். பக்கத்தில் இருக்கும் பாட்டி கொஞ்சம் பாப்கார்னோடு நிறுத்திக்கொள்வார். குழந்தை பாதியை வைத்துவிடும். ஆயிரக்கணக்கானவர்கள் கூடும் இடத்தில் சராசரி பெரிதாக மாறாது. சீட்டு முன்கூட்டியே விற்றுவிடுவதால் எத்தனை தலை என்று காலையிலேயே தெரியும். எத்தனை பெட்டி ரொட்டி, எவ்வளவு இறைச்சி என்று அளந்து கொள்முதல் செய்யலாம், கழிவு குறையும். சாப்பாட்டு வரிசையில் கல்லா வேண்டாம், சில்லறைத் தகராறு வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, சரக்கு வாங்கும் முன்பே பணம் கைக்கு வந்துவிடுகிறது. கடனுக்குக் கொடுத்துவிட்டு மாதக் கடைசியில் சைக்கிளில் வசூலுக்குப் போகிற தொழிலில் இருக்கும் நமக்கு இதைப் படிக்கும்போது பெருமூச்சு வரத்தான் செய்யும்.

இன்னொன்று, மைதானத்தின் காலி இருக்கை. அது வாழைப்பழத்தைவிடச் சீக்கிரம் அழுகும் சரக்கு. பழமாவது இரண்டு நாள் தாங்கும், விலை குறைத்துத் தள்ளலாம். இன்றைய ஆட்டத்து இருக்கையை நாளைக்கு விற்க முடியாது. ஆகவே ஒரு தலைக்கு வரும் லாபத்தைக் குறைத்துக்கொண்டாலும் இருக்கை நிறைய வேண்டும் என்று தீர்மானித்தார்கள். 2016 முதல் பருவத்திலேயே, சுமார் 25 உள்ளூர் ஆட்டங்களில் 90 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். அந்தத் தொடரில் அதுவரை இல்லாத கூட்டம். 15 டாலர் வீதம் பார்த்தால் 13 லட்சம் டாலருக்கு மேல் வரவு. இது நாம் போட்டுப் பார்த்த குத்துமதிப்பே தவிர அவர்கள் பேரேடு அல்ல. அதே ஆண்டு கோப்பையும் அவர்களுக்கே கிடைத்தது. 2017-ல் எல்லா ஆட்டத்துக்கும் அரங்கு நிறைந்தது.

இதைப் படித்துவிட்டு ஒரே விலை என்று யாரும் அவசரப்பட வேண்டாம். கஸ்டோனியாவில் இருந்ததுபோல் 200 பேர் மட்டும் வந்திருந்தால் இந்த 15 டாலர் ஏற்பாடு ஒரே மாதத்தில் ஆளைக் கவிழ்த்திருக்கும். கூட்டம் நிறைந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். இறைச்சி விலை ஏறினாலும் ஆட்டம் காணும்.

கூட்டம் திரும்பத் திரும்ப வந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு. கோல் மஞ்சள் நிறக் கோட்டு சூட்டும் தொப்பியுமாகவே எங்கும் நிற்பார். வண்டி நிறுத்துமிடத்தில் பென்குவின் வேடம் போட்டவர்கள் வரவேற்பார்கள். முதல் பேஸ் அருகே நிற்கும் பயிற்சியாளர் நடனம் ஆடுவார். மூதாட்டிகளின் நடனக் குழு ஒன்று ‘பனானா நானாஸ்’ என்ற பெயரில் ஆடியது. இவற்றை ஒவ்வொரு கடையும் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். ஆனால் சீட்டு வாங்கியவர்களுக்குப் போன் செய்து நன்றி சொல்லும் வழக்கத்தை வைத்திருந்தார்களே, அதற்குச் செலவு என்ன? அதை நாளைக்கே நாம் தொடங்கலாம். 2020-ல் மைதானச் சுவரில் இருந்த விளம்பரப் பலகைகளை எல்லாம் கழற்றினார்கள். கையில் வரும் காசை வேண்டாம் என்று சொல்ல மொத்த வியாபாரிக்கு மனம் வராது. பார்க்க வந்தவன் காசு கொடுத்துத்தானே வந்திருக்கிறான், அவனிடம் மறுபடியும் எதையாவது விற்பானேன் என்பது அவர்கள் வாதம். சீட்டு வரவிலும் பனியன் விற்பனையிலும் நின்றுகொள்ள முடிந்ததால் அப்படிச் சொல்ல முடிந்தது.

இத்தனைக்கும் நடுவே அவர்கள் ஒன்றைக் கவனித்துக்கொண்டே இருந்தார்கள். ஆட்டம் மூன்று மணி நேரத்தைத் தாண்டும்போது வேடிக்கை இருந்தும் ஜனங்கள் பாதியில் எழுந்து போகிறார்கள். ஆகவே ஆட்டத்தையே மாற்றினார்கள். இரண்டு மணி நேரம்தான் ஆட்டம். தவறி மேலே போன பந்தைப் பார்வையாளர் பிடித்தாலும் ஆட்டக்காரர் அவுட். மட்டையால் பந்தை மெல்லத் தட்டிவிட்டு ஓடினால் வெளியேற்றம். இதற்குப் ‘பனானா பால்’ என்று பெயர். 2021-ல் அலபாமாவின் மொபைல் நகருக்குக் கொண்டுபோய் ஆடிக் காட்டினார்கள், 2022-ல் பல ஊர்களுக்குப் போனார்கள். கல்லூரி அணி அந்த இரண்டு ஆண்டுகளிலும் கோப்பை வென்றுகொண்டுதான் இருந்தது. ஆயினும் 2022 ஆகஸ்டில், லீக்கை விட்டு விலகுகிறோம், இனி பனானா பால் மட்டுமே என்று அறிவித்துவிட்டார்கள்.

இங்கேதான் நமக்கு மனம் இரண்டாகிறது. வியாபாரமாகப் பார்த்தால் குறை சொல்ல இடமில்லை. 2024-ல் பாஸ்டன் நகரின் ஃபென்வே பார்க் போன்ற பெரிய மைதானங்களில் ஆடினார்கள். 2025 ஏப்ரலில் தென் கரோலினாவின் கிளெம்சன் பல்கலைக்கழகக் கால்பந்து மைதானத்தில் 81 ஆயிரம் பேர் கூடினார்கள். நாலாயிரம் இருக்கைகளோடு தொடங்கிய கடை அது. ஆனால் கோடைக்கு வந்து, ஊர்க்காரர் வீட்டில் சாப்பிட்டு, மர மட்டை பிடித்துப் பழகிய கல்லூரிப் பையன்களுக்கு அந்த அணியில் இடமில்லாமல் போனது. தங்கள் அணி என்று முதல் வருஷம் 15 டாலர் கொடுத்து வந்த சவானாக்காரர்களும், சொந்த ஊர் ஆட்டத்துக்குச் சீட்டுக் கிடைக்க நாடெங்கும் உள்ளவர்களோடு குலுக்கலில் பெயர் கொடுத்துக் காத்திருக்க வேண்டியதாயிற்று. பழைய வாடிக்கையைப் பின்னால் நிறுத்திவிட்டு வளருகிற கடைகளை நம் பஜாரிலும் பார்த்திருக்கிறோம். அணி கொலம்பியாவுக்குப் போனதுபோல் இது ஊரைவிட்டுப் போகவில்லை; கிரேசன் ஸ்டேடியத்தில் இன்னமும் ஆடுகிறார்கள். கோஸ்டல் பிளெய்ன் லீக் சவானா இல்லாமல் தன் ஆட்டங்களை மற்றச் சிற்றூர்களில் நடத்தி வருகிறது.