திரேஸ்புரத்தில் காய்ச்சலா? அட்டையில் கோட்டைப் பாருங்கள்

மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தால் முதல் நாளை காலண்டரில் குறித்து வையுங்கள். எந்த டெங்கு சோதனை என்பதை அந்தத் தேதிதான் முடிவு செய்யும். டெங்கு வைரஸின் என்.எஸ்.1 புரதத்தை முதல் 5 நாள்களில் தேடுவார்கள். அதற்குப் பிறகு ஐ.ஜி.எம். எதிர்ப்பொருளை. கடலில் தங்கித் தொழில் பார்த்துவிட்டுக் காய்ச்சலோடு கரையேறுகிறவர்கள், படகில் காய்ச்சலோடு கழிந்த நாள்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

லேப்பில் செய்யும் அட்டைச் சோதனைக்கு 15–20 நிமிடம் போதும். 'சி' என்ற இடத்தில் கோடு விழாவிட்டால் அந்த அட்டை செல்லாது. டெங்குவைக் காட்டும் 'டி' கோடு மங்கலாகத் தெரிந்தாலும் கோடு கோடுதான். ஆனால் நேரம் கடந்து தோன்றுவதை நம்பாதீர்கள். 'சி' மட்டும் விழுந்ததும் "டெங்கு இல்லை" என்று வலையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதுதான் எனக்குப் பயம். அட்டை சில நேரம் தவறவிடும். எலிசா சோதனை அதைவிட நம்பகமானது. தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேளுங்கள்.

உடல்வலிக்கு ஆஸ்பிரின், இபுபுரூஃபன் வேண்டாம். காய்ச்சல் விட்டபின் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம் என்றால் நடுராத்திரி ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

படகு இடிபடாமலிருக்கக் கட்டும் பழைய டயர்களில் அடிப்பக்கம் ஓட்டை போட்டுவிடுங்கள். தேங்கும் மழைநீர் கொஞ்சமே என்றாலும் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட அது போதும்.