தண்டனைக்குப் பின்னும் தொடரும் பதிவு: மன்னார்க் கரையின் அனுபவம் தரும் பாடங்கள்

குற்றத்தீர்ப்பின் விளைவு தண்டப்பணம் கட்டியதோடு முடிந்துவிடுவதில்லை என்பதை மன்னார் தீவிலும் அதையொட்டிய கரையோர ஊர்களிலும் பலர் உணர்வது, கட்டாருக்கோ சவூதிக்கோ வேலைக்குச் செல்வதற்காகப் பொலிஸ் சான்றிதழ் கேட்டு விண்ணப்பிக்கும்போதுதான். பேச்சில் 'பொலிஸ் ரிப்போர்ட்' எனப்படும் இச்சான்றிதழைக் கொழும்பிலுள்ள பொலிஸ் தலைமையகம், விண்ணப்பதாரர் வசித்த பகுதிகளில் விசாரித்தும் குற்றப் பதிவுகளைப் பார்த்தும் வழங்குகிறது. பிரித்தானியாவில் 1974ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, குறித்த காலம் கடந்ததும் பல குற்றத்தீர்ப்புகளைக் காலாவதியானவையாகக் கொள்கிறது. இலங்கையில் அவ்வாறான பொதுச் சட்டம் இல்லை. ஆதலால் இங்கே பதிவு உண்டாகாமல் காப்பதே முதற்கடமை. உண்டான பின், எந்த உரிமை எந்த வழியால் மீளும் என்று பிரித்தறிவது அடுத்தது.

முதற்பாடம் தீர்ப்புக்கு முந்தியது. தவணைக்குத் தவணை நீதிமன்றம் செல்வதால் கடற்றொழில் நாட்கள் வீணாகின்றன என்பதால், "ஒத்துக்கொண்டு தண்டத்தைக் கட்டிவிட்டு வா" என்ற அறிவுரை கரையோரத்தில் எளிதாகக் கிடைக்கிறது. அந்த ஒரு சொல்லால் உண்டாகும் குற்றத்தீர்ப்பு தண்டப்பணத்தைவிடப் பெருஞ்செலவு வைக்கும் என்பதை அறிந்தவர், 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 306ஆம் பிரிவைப் பற்றிச் சட்டத்தரணியிடம் முதலிலேயே கேட்க வேண்டும். குற்றச்சாட்டு நிரூபணமாயினும், குற்றவாளியின் வயது, முன்நடத்தை, உடல்நலம், குற்றத்தின் அற்பத்தன்மை ஆகியவற்றைக் கருதி, நீதவான் குற்றத்தீர்ப்பு வழங்காமலே எச்சரித்து விடுவிக்கவோ, 3 ஆண்டுகளுக்கு மேற்படாத நன்னடத்தைப் பிணையில் விடுவிக்கவோ அப்பிரிவு இடமளிக்கிறது. சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியற்றவர்களுக்கு, 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு உதவுகிறது.

இரண்டாவது பாடம் காலக்கெடு பற்றியது. நீதவான் நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிராக மேல் நீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்ய 14 நாட்களே உண்டு; அது தவறினால், விதிவிலக்கான சூழ்நிலைகளிலேயே ஏற்கப்படும் மீளாய்வு மனு எஞ்சுகிறது. குற்றத்தை நிபந்தனையின்றி ஏற்றுக்கொண்டவருக்கோ இவ்வழிகள் மிகவும் குறுகிவிடுகின்றன. ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையும், அதாவது குறித்த காலத்துக்குள் மீண்டும் குற்றம் புரிந்தால் மட்டுமே நடைமுறைக்கு வரும் தண்டனையும், குற்றத்தீர்ப்புத்தான் என்பதை மறக்கலாகாது. மன்னார் நீதவான் நீதிமன்றத்தில் எல்லை தாண்டி மீன்பிடித்ததற்காக அத்தண்டனை பெற்று ஊர் திரும்பிய இராமேசுவரம் மீனவர்கள் அக்காலத்துக்குள் மறுபடி பிடிபட்டால், பழைய தண்டனையும் சேர்ந்துகொள்கிறது.

வாக்குரிமை பற்றிய அச்சம் பல வேளைகளில் தேவையற்றது. அரசியலமைப்பின் 89ஆம் உறுப்புரைப்படி, 2 ஆண்டுகளுக்குக் குறையாத சிறைத்தண்டனை விதிக்கத்தக்க குற்றமொன்றுக்கு 6 மாதங்களுக்குக் குறையாத சிறைத்தண்டனை பெற்று அதை அனுபவிப்பவரும், அனுபவித்து முடித்து 7 ஆண்டுகள் ஆகாதவருமே இவ்வகையில் தகுதியிழக்கின்றனர். தண்டப்பணம் மட்டும் கட்டியவருக்கு இத்தடை இல்லை. சிறை சென்று 7 ஆண்டுகள் கடந்தவருக்குத் தடை தானாகவே நீங்கினாலும், வாக்காளர் இடாப்பில் பெயர் தானாக ஏறிவிடுவதில்லை. ஆண்டுதோறும் நடைபெறும் மீளாய்வின்போது கிராம அலுவலரிடம் படிவத்தைக் கேட்டு நிரப்பிக் கொடுப்பது அவரவர் பொறுப்பாகும்.

அந்த 7 ஆண்டுகள் காத்திராமல் உரிமையை மீட்கும் வழி சனாதிபதியின் மன்னிப்பாகும். அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரையின்படி அவர் முழு மன்னிப்பு வழங்கலாம். தகுதியின்மைக் காலத்தைக் குறைக்கவும் செய்யலாம். விடுதலைக்கும் முழு மன்னிப்புக்கும் உள்ள வேறுபாட்டை முன்னாள் இராணுவத் தளபதி சரத் பொன்சேகாவின் வழக்கு தெளிவாக்குகிறது: 2010இல் இராணுவ நீதிமன்றத் தண்டனையால் பாராளுமன்ற ஆசனத்தை இழந்த அவர் 2012 மே மாதத்தில் விடுதலையானார், எனினும் 2015 சனவரியில் முழு மன்னிப்புக் கிடைத்த பின்னரே அவருடைய குடியியல் உரிமைகள் மீண்டன.

எல்லாவற்றுக்கும் மேலாக, காகிதங்களைப் பேணுதல் இன்றியமையாதது. வழக்கு இலக்கம், தண்டப்பணப் பற்றுச்சீட்டு, சிறையிலிருந்து விடுவித்த கடிதம், வழக்கேட்டின் சான்றுப்படுத்தப்பட்ட பிரதி ஆகிய நான்கையும் வழக்கு முடிந்த உடனேயே பெற்று வைத்திருப்பவர், பல ஆண்டுகளுக்குப் பின் பழைய வழக்கு நிலுவையில் இருப்பதாகப் பதிவேடு காட்டினாலும், அது முடிந்துவிட்டதை நிறுவ முடியும். போரால் இடம்பெயர்ந்தவர்களும், 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழ்ந்து மன்னார் மாவட்டத்தின் முசலிக்கு மீண்ட முஸ்லிம் குடும்பத்தினரும், தாம் வசித்த முகவரிகளையும் காலங்களையும் வரிசையாக எழுதி வைத்திருப்பது பொலிஸ் சான்றிதழ் விண்ணப்பத்தில் முரண்பாடு எழாமல் காக்கும். பழைய தீர்ப்பை மறைத்து எழுதுவது புதிய குற்றத்துக்கே வழிகோலும்.

தண்டனையை அனுபவித்து முடித்து நேர்மையாக வாழ்பவரை வாழ்நாள் முழுவதும் பழைய பதிவால் தடுத்து வைப்பது நீதியன்று. நெடுங்காலம் குற்றமற்று வாழ்ந்தவரின் சிறு குற்றப் பதிவுகளைக் காலாவதியாக்கும் சட்டம் இலங்கைக்கும் தேவை. அது வரும்வரை, வழக்கு எவ்வளவு சிறியதாயினும், குற்றத்தை ஒத்துக்கொள்வதற்கு முன் ஒரு சட்டத்தரணியைச் சந்திக்காமல் எவரும் கூண்டில் ஏறலாகாது.