வெள்ளையாய் ஒளிரும் கண்ணாடி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: எல்இடி பல்பின் சில்லே வெள்ளையாக எரிகிறது.

உண்மை: பழுதான பல்பின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். பலகையில் மஞ்சள் பொட்டுகள் வரிசையாக இருக்கும். அந்த மஞ்சள், சீரியம் கலந்த ஒளிர்பொருள் தூள். அதற்கடியில் உள்ள சில்லு உமிழ்வது நீல ஒளி. அதில் ஒரு பங்கைத் தூள் உறிஞ்சி மஞ்சளாக வெளிவிடுகிறது. மிச்ச நீலத்தோடு அது சேரும்போது கண்ணுக்கு வெள்ளை. நீல எல்இடி இல்லாமல் இந்த வழியே பிறந்திருக்காது. அதைக் கண்டுபிடித்த மூவருக்குத்தான் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

நம்பிக்கை: கண்ணாடி வெறும் மூடிதான், அது ஒளி தராது.

உண்மை: தரும். என்னை மிகவும் ஈர்ப்பது இதுதான். போரிக் அமிலம், கார்பனேட்டு உப்புகளோடு சிட்டிகையளவு டிஸ்ப்ரோசியம் ஆக்சைடைக் கலந்து, சுமார் 1000 டிகிரி செல்சியஸில் உருக்கி, பித்தளை அச்சில் ஊற்றுகிறார்கள். கிடைப்பது பார்வைக்குச் சாதாரணக் கண்ணாடித் துண்டு. அதன்மீது 350 நானோமீட்டர் அளவிலான புறஊதா ஒளி பட்டதும், 480 நானோமீட்டரில் நீலமும் 575இல் மஞ்சளும் ஒரே டிஸ்ப்ரோசியம் அயனியிலிருந்து புறப்படுகின்றன. மஞ்சளின் வலு, சுற்றியுள்ள கண்ணாடியின் அமைப்பைப் பொறுத்து ஏறி இறங்கும். நீலம் அவ்வளவாக அசையாது. ஆகவே கண்ணாடியின் சேர்மானத்தை மாற்றியே வெள்ளையின் சாயலைத் திருத்தலாம். சிவப்பு குறைந்தால் யூரோப்பியம் கைகொடுக்கும். எல்இடி பல்பில் தூளைப் பிடித்து வைக்கும் பிசின் கடும் வெப்பத்தில் நாளடைவில் தரமிழக்கும், கண்ணாடி தாங்கும்.

நம்பிக்கை: சீரியம், டிஸ்ப்ரோசியம், யூரோப்பியம் போன்ற அருமண் தனிமங்களை அதிகம் கலந்தால் அதிக வெளிச்சம்.

உண்மை: அயனிகள் நெருங்கிவிட்டால் ஆற்றலைத் தங்களுக்குள் கைமாற்றி வெப்பமாக இழந்துவிடும். பல கண்ணாடிகளில் ஒரு சதவீதத்தை ஒட்டியே ஒளிர்வு சரியத் தொடங்குகிறது.

நம்பிக்கை: அருமண் என்றாலே கிடைக்காத பொருள்.

உண்மை: சீரியம் புவியோட்டில் ஏறக்குறையச் செம்பின் அளவுக்கு உண்டு. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலின் மோனசைட் கனிமத்திலும் இருக்கிறது. வேதிப் பண்பில் ஒன்றையொன்று ஒத்த இந்தத் தனிமங்களைப் பிரித்தெடுப்பதுதான் பெரும்பாடு. டிஸ்ப்ரோசியம் அந்த மணலில் மிகக் குறைவு.

நம்பிக்கை: நம் வீட்டு பல்புகளில் இந்தக் கண்ணாடி வந்துவிட்டது.

உண்மை: இல்லை. டிஸ்ப்ரோசியம் புறஊதாவை உறிஞ்சும் திறன் குறைவு. அதனால் ஒளிர்பொருள் தூளின் செயல்திறனை எட்டுவது கடினம். வீட்டில் எரிவது இன்றும் நீலச் சில்லும் மஞ்சள் தூளும்தான். அருமண் கண்ணாடி பல்பு என்று யாராவது விற்க வந்தால், அந்தப் பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.