மோட்டாரை மாற்றும் முன் குழாயைப் பார்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருந்தன. பெட்டியில் ‘மணிக்கு 2000 லிட்டர்’ என்று போட்ட மோட்டாரைச் சம்ப்பில் இறக்கியும் மேலே மீன்தொட்டிக்குள் தண்ணீர் மெலிந்துதான் விழுகிறது. கடைக்காரர் 4000 லிட்டர் மோட்டார் வாங்கச் சொல்கிறார், வாங்கலாமா என்பது முதல் கேள்வி. குழாயைச் சிறிதாக்கினால் தண்ணீர் வேகமாக வரும் என்று நண்பன் சொல்கிறானே, அது சரியா என்பது அடுத்தது. முதலாவதற்குப் பதில்: இப்போது வாங்காதே. இரண்டாவதைப் படித்ததும் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. இயற்பியல் படித்தவர்களும் இதையே சொல்லிக்கொண்டு திரிவதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தோட்டத்து ஹோஸின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தினால் தண்ணீர் தூரம் போய் விழுகிறது. அதைப் பார்த்துத்தான் உன் நண்பன் அப்படிச் சொல்கிறான். அதே நிலையில் ஹோஸை ஒரு வாளிக்குள் பிடிக்கச் சொல். வாளி நிறைய முன்னைவிட அதிக நேரம் ஆகும். கூடியது வாயில் வெளிப்படும் வேகம். குறைந்தது மணிக்கு வந்து சேரும் லிட்டர். மீனுக்குக் கழிவு நீங்க வேண்டும், ஃபில்டர் வழியே நீர் திரும்பத் திரும்பப் போய்வர வேண்டும். அதற்கு லிட்டர்தான் கணக்கு. வேகமும் அளவும் வேறு வேறு என்பதை மனத்தில் நன்றாக ஊன்றிக்கொள்.

பாய்சொய் சமன்பாட்டில் விட்டத்தின் நான்காம் அடுக்கு வரும் என்று படித்திருக்கிறாய். அது நீர் கலங்காமல் சீராக நகரும் வரிச்சீர் ஓட்டத்துக்கு உரியது. பாய்சொய் ஒரு பிரெஞ்சு மருத்துவர். நுண்ணிய இரத்தக் குழாய்களில் ஓட்டம் எப்படி நடக்கிறது என்று அறியவே மெல்லிய கண்ணாடிக் குழல்களில் சோதனை செய்தார். உன் வீட்டுக் குழாயில் நடப்பது வேறு. உள்விட்டம் 16 மி.மீ. உள்ள குழாயில் மணிக்கு 1000 லிட்டர் போனால், ஓட்டம் சீரானதா கலங்கியதா என்று காட்டும் ரெனால்டு எண் 20 ஆயிரத்தைத் தாண்டும். 4000 தாண்டினாலே அது சுழற்சி ஓட்டம். அங்கே உராய்வால் ஏற்படும் இழப்பு, ஓட்டத்தின் அளவு இரண்டு மடங்கானால் கிட்டத்தட்ட நான்கு மடங்காகும். விட்டம் இரண்டு மடங்கானால் ஏறக்குறைய 32-இல் ஒரு பங்காகச் சுருங்கும். விட்டத்தின் ஐந்தாம் அடுக்கு அது. பெரிய மோட்டாரைக் குறுகிய குழாயில் மாட்டுவது ஏன் வீண் என்பதற்கு இந்த ஒரு வரியே போதும்.

குழாய் அகன்றால் ஓட்டம் கூடும் என்பதை உலகுக்கு முதலில் காட்டிக்கொடுத்தவர்கள் விஞ்ஞானிகள் அல்லர், ரோம் நகரத்துத் தண்ணீர்த் திருடர்கள் என்பது என் உறுதியான எண்ணம். கி.பி. 97-இல் பேரரசர் நெர்வா, நகரின் நீர்வழங்கலை ஃப்ரான்டினஸ் என்ற மூத்த அதிகாரியிடம் ஒப்படைத்தார். அவர் அந்த வேலையைப் பற்றி எழுதிய நூல் இன்றும் கிடைக்கிறது. கையில் எடுத்தால் எனக்குக் கீழே வைக்க மனம் வருவதில்லை. இணைப்பு பெற்றவர் ஒவ்வொருவருக்கும் முத்திரையிட்ட வெண்கல மூக்கு ஒன்று பொருத்தப்படும். அதன் அகலம்தான் அவருக்கு உரிய பங்கு. ஈயத்தைப் போல வளைத்து அகட்ட முடியாது என்பதால் வெண்கலம். ஆனால் சிலர் மூக்கைத் தொடாமல், அதை ஒட்டியே அகன்ற குழாயைச் சேர்த்துவிட்டார்கள். மூக்கு அதேதான், தண்ணீர் மட்டும் கூடியது! அதனால்தான் முதல் 50 அடிக்குக் குழாய் மூக்கின் அகலத்தையே கொண்டிருக்க வேண்டும் என்று விதி இருந்தது. ஃப்ரான்டினஸிடம் வேகத்தை அளக்க வழியில்லை. வாயின் பரப்பை வைத்தே கணக்குப் போட்டார். பரப்பையும் வேகத்தையும் சேர்த்தே நீரை அளக்க வேண்டும் என்று கலிலியோவின் மாணவர் காஸ்டெல்லி 1628-இல் நூலாகவே எழுதினார். மூக்கு சிறிதாக இருந்தாலும், அதற்கு அப்பால் உள்ள நீண்ட வழி அகன்றால் ஓட்டம் கூடும் என்பது அந்தத் திருடர்களுக்கு அதற்கு வெகுகாலம் முன்பே தெரிந்திருக்கிறது. உன் மோட்டாரின் வாய் சிறிதாக இருக்கிறதே என்று கவலைப்படாதே. வாயைவிட்டு வெளியே வந்ததுமே அகன்ற குழாயில் சேர்த்துவிடு.

கடையில் ‘20’, ‘25’, ‘32’ என்று அச்சிட்டு விற்கும் சாதாரண பி.வி.சி. குழாயில் அந்த எண் வெளிவிட்டம். சுவரின் தடிப்பைக் கழித்துப் பார். 20 மி.மீ. குழாயின் உள்ளே சுமார் 16 இருக்கும். 32 குழாயில் சுமார் 28. இதற்கு மாறினாலே அதே ஓட்டத்துக்கு உராய்வு இழப்பு ஏறக்குறைய 16-இல் ஒரு பங்காகிவிடும்.

அடுத்தது எல்போ. ஒரு 90 பாகை எல்போ, தன் விட்டத்தைப் போல 30 மடங்கு நீளமுள்ள நேர்க்குழாய்க்குச் சமமான தடை. நீ அனுப்பிய படத்தில் ஆறு எல்போ எண்ணினேன். 16 மி.மீ. குழாயில் அது கிட்டத்தட்ட 3 மீட்டர் குழாயைக் கூடுதலாகப் பதித்ததற்குச் சமம். ஹோஸை அகலமாக வளைத்துக் கொண்டுபோனால் பாதிக்கு மேல் மிச்சம். முழுக்கத் திறந்த பால் வால்வு 3 மடங்கு நீளத்துக்குச் சமம். திருகித் திறக்கும் குளோப் வால்வோ 340 மடங்கு. வால்வு எதுவானாலும் மோட்டாருக்குப் பின்னால், தண்ணீர் வெளியேறும் பக்கம் மட்டும் வை. உறிஞ்சும் பக்கத்தை நெரித்தால் மோட்டாருக்குள் ஆவிக்குமிழிகள் உண்டாகி அது இரையும், இம்பெல்லர் தேயும்.

பெட்டியில் உள்ள 2000 என்பது, தண்ணீரைச் சற்றும் உயர்த்தாதபோது கிடைக்கும் அளவு. அதிகபட்ச உயரம் 2 மீட்டர் என்று போட்டிருந்தால், அந்த உயரத்தில் வரத்து பூஜ்யம். சம்ப்பின் நீர்மட்டத்திலிருந்து உன் தொட்டி 1.2 மீட்டர் மேலே இருக்கிறது. ஆகவே 2000 ஒருபோதும் வராது. அதை மோட்டாரின் குறையாக எண்ணாதே. மூடிய கேனிஸ்டர் ஃபில்டரில் மட்டும் இந்த உயரக் கணக்கு இல்லை. தண்ணீர் எடுப்பதும் விடுவதும் ஒரே மட்டத்தில் என்பதால் அங்கே உராய்வு ஒன்றே தடை.

கடைசி முனையில் கஞ்சத்தனம் காட்டாதே. 28 மி.மீ. குழாயின் பரப்புக்கு ஈடாக ஸ்ப்ரே பாரில் 4 மி.மீ. துளைகள் 49 வேண்டும். அதைவிட 20 மி.மீ. வாய் இரண்டு வைப்பது எளிது. மூலையில் கழிவு தேங்கினால் அங்கே சிறிய பவர்ஹெட் ஒன்றை வை. அதற்காக முழுக் குழாயையும் நெரிக்க வேண்டாம்.

இரண்டு எச்சரிக்கை. ஓட்டம் கூடினால், தொட்டியிலிருந்து சம்ப்புக்கு இறங்கும் குழாயும் அதைத் தாங்க வேண்டும். அது தானாக விழும் தண்ணீர் என்பதால் ஏறும் குழாயைவிட அகலமாகவே இருக்கட்டும். மின்சாரம் போனால் ஏறும் குழாய் சைஃபனாக மாறித் தொட்டியைக் காலி செய்யும். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே அதில் ஒரு சிறு துளை போட்டுவிடு. பாசி அடைக்காமல் அதை அவ்வப்போது குத்திச் சுத்தம் செய். குழாயின் உள்ளே வழுவழுப்பாகப் படிவதையும் பிரஷ் விட்டு உருவு.

பெரிய மோட்டார் இன்னொரு கேட்டையும் செய்யும். நீரில் மூழ்கிய மோட்டார் இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகி அதே தண்ணீரில் சேரும். 25 பாகையில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும்; 30 பாகையில் 7.6 தான். சென்னைக் கோடையில் மீனுக்கு அந்தக் குறைவு பெரிது.

ஆகவே முதலில் அளந்து பார். 10 லிட்டர் வாளியைத் தண்ணீர் விழும் இடத்தில் பிடி. 18 நொடியில் நிறைந்தால் மணிக்கு 2000 லிட்டர். 36 நொடி ஆனால் 1000. குழாயை மாற்றி, எல்போக்களைக் குறைத்துவிட்டு மறுபடியும் அள. இரண்டு கணக்கையும் எனக்கு எழுதி அனுப்பு. அதற்குப் பிறகும் குறைவாக வந்தால், மோட்டார் வாங்குவதைப் பற்றி அப்போது பேசுவோம்.

அன்புடன்,
உன் ஆசிரியன்