மினிடிஸ்க்: நிறையும் குறையும்

சோனி நிறுவனம் 1992-இல் வெளியிட்ட கையடக்க ஒலிக்கருவி இது.

நிறை: தட்டின் விட்டம் 64 மி.மீ. மட்டுமே, 74 நிமிடம் பதியலாம். லேசர் சூடாக்கும் புள்ளியில் காந்தமுனை எழுதுவதால் பலமுறை அழித்துப் பதியலாம். நாடா போல் சிக்காது. ஒலியைச் சில விநாடி முன்னதாகவே நினைவகத்தில் சேர்த்துக்கொள்வதால், ரயில் குலுங்கினாலும் பாட்டு தடைபடாது.

குறை: இடம் போதாமல் ஒலித்தகவலை ஏறத்தாழ ஐந்தில் ஒன்றாகச் சுருக்குகிறது. சோனி 2013-இல் கருவிகளையும், 2025-இல் வெற்றுத்தட்டுகளையும் நிறுத்திவிட்டது.

மீட்டர் கேஜ் தண்டவாளத்தை எடுத்தபின் நல்ல பெட்டிகளும் நின்றுபோனதைப் பார்த்தவன் நான். என் தாயார் பாடிய தாலாட்டும் ஒரு மினிடிஸ்க்கில்தான் இருந்தது. ஹெட்போன் துளையிலிருந்து கணினிக்கு ஒயர் கொடுத்து, முழுத்தட்டையும் ஓடவிட்டுப் பதிந்துகொண்டேன். உங்கள் வீட்டிலும் இருந்தால், கருவி ஓடும்போதே செய்துவிடுங்கள்.